ஓராண்டு நிறையாத பள்ளிப்படிப்பு

அமெரிக்காவின் 16ஆவது குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது என்பது பிற்காலத்தார் கட்டிவிட்ட கதையன்று. 1860ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தம் வாழ்க்கையைப் பற்றி அவரே எழுதிக் கொடுத்த குறிப்பில் இடம்பெற்றிருக்கும் கணக்கு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களைப் பற்றி ஓர் அகராதி தொகுக்கப்பட்டபோது, கல்வி என்ற தலைப்புக்கு நேரே ‘குறையுடையது’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை எழுதி அவர் அனுப்பியிருந்தார். அடுப்பு வெளிச்சத்தில் படுத்தபடி புத்தகம் படிக்கும் ஏழைச் சிறுவன் என்ற படம் உலகெங்கும் பள்ளிப் பாடங்களில் நிலைத்துவிட்டது. அந்தப் படம் பொய்யன்று. ஆனால் அவருடைய கல்வியின் தன்மையை அது சரியாகக் காட்டுவதில்லை. லிங்கன் கண்டதையும் கற்றவர் அல்லர். அவர் படித்த நூல்கள் மிகச் சில. அவற்றுள் முக்கியமானவை பலவும் ஏதோவொரு பிழைப்பையோ பொறுப்பையோ முன்னிட்டுப் படிக்கப்பட்டவை. படித்தவற்றை விடாமல் பற்றிக்கொண்ட முறைதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

1809 பிப்ரவரி 12 அன்று கென்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றையறைக் குடிலில் லிங்கன் பிறந்தார். தந்தை தாமஸ் லிங்கன் தச்சுவேலையும் உழவும் செய்தவர். தம் பெயரைத் தட்டுத்தடுமாறிக் கையொப்பமிடுவதற்கு மேல் எழுதத் தெரியாதவர். அக்காலத்துக் கென்டக்கியில் நில அளவை முறையாக நடைபெறவில்லை. ஒரு மரம், ஓர் ஓடை வளைவு, ஒரு பாறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எல்லையாகக் குறித்துப் பத்திரம் எழுதியதால், ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கோருவதும், விலை கொடுத்து வாங்கி உழுதுகொண்டிருந்தவர் வழக்கில் தோற்று வெளியேறுவதும் அங்கே வாடிக்கையாக இருந்தன. தாமஸ் இப்படி நிலச் சிக்கல்களில் அலைக்கழிந்து, 1816இல் குடும்பத்தோடு இண்டியானாவுக்குப் பெயர்ந்தார். அடிமை முறை அந்த இடப்பெயர்வுக்கு ஓரளவு காரணம் என்றும், நில உரிமைச் சிக்கலே முதன்மைக் காரணம் என்றும் மகன் பின்னாளில் எழுதினார். பத்திரத்தில் எழுதியிருப்பது ஒரு குடும்பத்தை வாழவும் வைக்கும், தெருவிலும் நிறுத்தும் என்பதை ஏழு வயதில் கண்ட சிறுவன் பின்னாளில் நில அளவையாளராகவும் வழக்கறிஞராகவும் ஆனதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது, அதையே காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

இண்டியானாக் காட்டில் குடியேறிய இரண்டாம் ஆண்டிலேயே, 1818 அக்டோபரில், தாய் நான்சி இறந்தார். ஒருவகை நச்சுச் செடியை மேய்ந்த பசுவின் பாலைக் குடித்தவர்களைத் தாக்கிய ‘பால் நோய்’ அவரைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு தாமஸ் மணந்துகொண்ட சாரா புஷ் என்ற கைம்பெண், தம் மூன்று பிள்ளைகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் சில புத்தகங்களையும் அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஈசாப்பின் நீதிக்கதைகளும் ராபின்சன் குரூசோவும் அவற்றில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. எழுத்தறியாத அந்தச் சிற்றன்னைதான் சிறுவனின் படிப்புக்கு வீட்டுக்குள் இடம் பிடித்துக் கொடுத்தவர்.

அருகில் ஆசிரியர் எவரேனும் வந்து தங்கினால் அந்தச் சில வாரங்களுக்குப் பள்ளி நடக்கும். பிள்ளைகள் அனைவரும் ஒரே நேரத்தில் உரத்த குரலில் பாடம் ஒப்பிக்க வேண்டிய பள்ளி அது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் இரைச்சலைக் கேட்டறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எழுத்து, வாசிப்பு, அதன்பின் மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவதைக் கண்டறியும் விகிதக் கணக்கு ஆகியவற்றோடு அங்கே கல்வி முடிந்துவிடும். இந்தியக் கணித நூல்கள் திரைராசிகம் என்று அழைப்பதும் இந்தக் கணக்கைத்தான். அக்காலத்தில் லிங்கன் தாமே தாள்களைத் தைத்துச் செய்துகொண்ட கணக்கு ஏட்டின் சில பக்கங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பெருக்கலும் வகுத்தலும் வட்டிக் கணக்கும் நெருக்கமான கையெழுத்தில் நிறைந்திருக்கும் அந்தப் பக்கங்களில், காகிதம் எவ்வளவு அரிதாக இருந்தது என்பது விளிம்புவரை போயிருக்கும் எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

லிங்கன் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய தொழில்முறைக் கூட்டாளியான வில்லியம் ஹெர்ண்டன் 1865இல் முதிய சாரா புஷ்ஷைச் சந்தித்துக் கேட்டறிந்த செய்தி ஒன்று, பல வாழ்க்கை வரலாறுகளைவிடப் பயனுடையது. படிக்கும்போது மனத்தில் தைக்கும் பகுதி ஒன்று வந்தால், காகிதம் இல்லாதபோது சிறுவன் அதைப் பலகையில் எழுதி வைப்பான். காகிதம் கிடைத்ததும் பெயர்த்தெழுதுவான். பின்பு அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லுவான் என்பது அந்த அம்மையாரின் நினைவு. தன் கையால் எழுதி, தன் வாயால் சொல்லி, தன் சொற்களில் பிறருக்கு விளங்கவைக்க முடிந்தால்தான் ஒன்றைக் கற்றதாகும் என்ற இந்தப் பழக்கம் லிங்கனை இறுதிவரை விடவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து அலுவலகத்தில் காலை வந்ததும் சோபாவில் நீட்டிப் படுத்துக்கொண்டு செய்தித்தாளை உரக்கப் படிப்பது அவருக்கு வழக்கம். அது தம் பொறுமையைச் சோதித்தது என்று ஹெர்ண்டன் எழுதியிருக்கிறார். காரணம் கேட்டபோது, கண்ணால் பார்ப்பதோடு காதாலும் கேட்பதால் செய்தி இரண்டு வழியாக உள்ளே போகிறது என்று லிங்கன் பதில் சொன்னாராம். இரைச்சல் பள்ளியை அவர் முழுவதுமாக விட்டு வெளியேறவே இல்லை என்றும் இதைப் பார்க்கலாம்.

மகன் 21 வயதை எட்டும்வரை அவனுடைய உழைப்பும் கூலியும் தந்தைக்குச் சொந்தம் என்பது அன்றைய சட்டம். தாமஸ் மகனை அண்டையாரிடம் கூலிக்கு அனுப்பினார்; கோடரியும் ஏரும் பிடித்த நேரம் போக எஞ்சியதுதான் படிப்புக்கு. 1831இல் தந்தையின் வீட்டைவிட்டுப் பிரிந்து இல்லினாய்ஸ் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சிற்றூருக்கு வந்துசேர்ந்த பிறகே அவருடைய உண்மையான கல்வி தொடங்கியது என்று கொள்ள வேண்டும். சங்கமான் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் கல்லூரியும் இல்லை, நூலகமும் இல்லை. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆனால் அவரை நேரில் அறிந்த அந்த ஊர்ப் பகுதியின் 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன.

பொதுவாழ்வில் பேச வேண்டுமானால் மொழி பிழையின்றி வர வேண்டும் என்ற உணர்வில், 23 வயதுக்குப் பின் அவர் ஆங்கில இலக்கணத்தைக் கையில் எடுத்தார். சாமுவேல் கர்க்கம் எழுதிய இலக்கண நூல் ஒன்று ஆறு மைல் தொலைவில் ஓர் உழவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நடந்தே போய் வாங்கிவந்தார் என்பது நியூ சேலத்தார் வழங்கிய செய்தி. வீட்டில் இலக்கணம் கேட்டு வளராத ஒருவர், வளர்ந்த ஆளான பின், சொல்லின் வகையையும் வாக்கியத்தின் உறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கற்றதன் விளைவு அவருடைய உரைநடையில் தெரிகிறது. படித்தவர்களின் மேடைப்பேச்சு அலங்காரமும் மேற்கோளுமாய் வழிந்த காலத்தில், எழுவாய் எங்கே பயனிலை எங்கே என்று தேட வேண்டாத வாக்கியங்களை அவர் எழுதினார்.

அடுத்த படிப்பு கடனிலிருந்து பிறந்தது. வில்லியம் பெர்ரி என்பவரோடு கூட்டாக நடத்திய பலசரக்குக் கடை நொடித்துப்போய், பெர்ரியும் இறந்துவிட, சுமார் 1,100 டாலர் கடன் லிங்கனின் தலையில் விழுந்தது. அதை அவர் ‘தேசியக் கடன்’ என்று வேடிக்கையாகச் சொல்லிவந்தார். அடைத்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1833இல் கிடைத்த அஞ்சல்நிலையப் பொறுப்பில் வருமானம் குறைவு. ஆனால் ஊராருக்கு வரும் செய்தித்தாள்களை உரியவர் வந்து வாங்கிப்போவதற்குள் படித்துவிடலாம். அதே ஆண்டில் மாவட்ட நில அளவையாளருக்கு உதவியாளர் வேலை வந்தது. அளவைத் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில் ஒரு திசைகாட்டியையும் சங்கிலியையும் தேடிப் பெற்று, ஃபிளின்ட், கிப்சன் ஆகியோரின் நூல்களைப் பார்த்து முக்கோணவியலைக் கற்றுக்கொண்டு வயலில் இறங்கினார். அளவைச் சங்கிலி என்பது 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய இரும்புத் தொடர். அதை இழுத்துப் பிடித்து முள்ளும் சேறும் பாராமல் நடந்து, கோணத்தைக் குறித்து, இரவில் பரப்பைக் கணக்கிட வேண்டும். கணக்கில் தவறினால் இரண்டு குடும்பங்களுக்குப் பகை மூளும். தந்தையைக் கென்டக்கியிலிருந்து விரட்டிய பிழை இதுதான். கடன்காரர்கள் ஒருமுறை அவருடைய அளவைக் கருவிகளையே ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, நண்பரொருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

இவ்விடத்தில் ‘தாமே கற்றவர்’ என்ற அடைமொழியைச் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். புத்தகம் கொண்டுவந்த சிற்றன்னை, இலக்கண நூலை இரவல் தந்த உழவர், கருவிகளை மீட்டுக் கொடுத்த நண்பர், 1834இல் சட்டமன்றத்துக்குத் தேர்வான பிறகு சட்டம் படிக்கத் தூண்டித் தம் நூல்களைக் கொடுத்துதவிய வழக்கறிஞர் ஜான் டாட் ஸ்டூவர்ட் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு கை நீண்டிருக்கிறது. லிங்கன் தனியே கற்றார் என்பது உண்மை. தனி ஆளாகவே உயர்ந்தார் என்பது மிகை.

அன்று இல்லினாய்ஸில் வழக்கறிஞராவதற்குச் சட்டக் கல்லூரிப் பட்டம் தேவைப்படவில்லை. நன்னடத்தைச் சான்றும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் உரிமமும் போதும். வழக்கமாக இளைஞர்கள் மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் எடுபிடியாக இருந்து தொழிலைக் கற்பார்கள். லிங்கனோ நியூ சேலத்திலிருந்து ஏறக்குறைய 20 மைல் தொலைவிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் ஸ்டூவர்ட்டிடம் நூல்களை வாங்கிவந்து எவரிடமும் பாடம் கேட்காமல் படித்தார். முதன்மையான நூல், 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் பிளாக்ஸ்டன் ஆங்கிலச் சட்டம் முழுவதையும் ஒழுங்குபடுத்தி நான்கு தொகுதிகளில் எழுதிய விளக்கவுரை. சட்டமன்றம் கூடும்போது நூல்களை மூடிவைப்பதும் கலைந்ததும் மீண்டும் திறப்பதுமாகப் படித்து, 1836 செப்டம்பரில் உரிமம் பெற்றார்; அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்டூவர்ட்டுக்கே தொழில் கூட்டாளியானார். பிற்காலத்தில் தம்மிடம் சட்டம் பயில விரும்பிய இளைஞர் ஒருவருக்கு 1855இல் எழுதிய கடிதத்தில், ஆசிரியர் உடனிருப்பதும் பெரிய ஊரில் இருப்பதும் பொருட்டல்ல, நூல்களும் அவற்றை விளங்கிக்கொள்ளும் திறனும் எங்கும் ஒன்றுதான் என்றும், தாம் படித்த ஊரில் 300 பேர்கூட ஒருபோதும் வாழ்ந்ததில்லை என்றும் குறிப்பிட்டார்.

அதே 1855இல் அவருக்கே ஓர் அடி விழுந்தது. அறுவடை எந்திரக் காப்புரிமை வழக்கு ஒன்றில் வாதிட அமர்த்தப்பட்டு, உழைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டு சின்சினாட்டி நகரத்துக்குப் போனவரை, உடன் வாதிட வந்திருந்த எட்வின் ஸ்டான்டன் முதலிய கிழக்குப் பகுதிப் பெரிய வழக்கறிஞர்கள் பொருட்படுத்தவே இல்லை. அவருக்குப் பேச வாய்ப்பும் தரப்படவில்லை. கோபித்துக்கொண்டு ஊர் திரும்பாமல் அவர் ஒரு வாரம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து அவர்களின் வாதத்தைக் கவனித்தார். கல்லூரியில் பயின்றவர்கள் மேற்கு நோக்கி வரத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள் இல்லினாய்ஸை எட்டும்போது தாம் ஆயத்தமாக இருக்க வேண்டும், ஊருக்குப் போய்ச் சட்டம் படிக்கப்போகிறேன் என்று தம் கட்சிக்காரர்களில் ஒருவரிடம் அவர் சொன்னதாகச் செய்தி உண்டு. அப்போது அவருக்கு 46 வயது. தொழிலில் ஏறக்குறைய 20 ஆண்டு அனுபவம். இதே ஸ்டான்டனை 1862இல் தம் போர்த்துறைச் செயலராக அமர்த்திக்கொண்டவரும் அவரே.

பிழைப்புக்காக அல்லாமல் அவர் மேற்கொண்ட ஒரு படிப்பு யூக்ளிடின் வடிவியல். ஒன்றை ‘மெய்ப்பிப்பது’ என்றால் என்ன என்ற கேள்வி அவரைப் பிடித்தாட்டியது. நாடாளுமன்றத்தில் 1847 முதல் 1849 வரை இருந்து திரும்பிய பின், யூக்ளிடின் முதல் ஆறு பகுதிகளை ஏறத்தாழ முழுமையாகக் கற்றுத் தேர்ந்தார். நீதிபதியும் வழக்கறிஞர்களும் கூட்டமாக ஊர் ஊராகச் சென்று வழக்கு நடத்தும் சுற்று நீதிமன்றப் பயணங்களில், விடுதி அறையில் மற்றவர்கள் குறட்டைவிட்டுத் தூங்க, ஆறடி நான்கு அங்குல உயரத்தினரான லிங்கனின் கால்கள் குட்டையான கட்டிலுக்கு வெளியே நீண்டிருக்க, தலைமாட்டு நாற்காலியில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் யூக்ளிடைப் படித்ததை ஹெர்ண்டன் நினைவுகூர்கிறார். வடிவியலில் எவரும் மறுக்காத அடிப்படை உண்மைகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியையும் முந்தைய படியின் மேல் நிறுத்தி முடிவுக்குப் போக வேண்டும். இடையில் ஒரு படியையும் தாண்டக் கூடாது. 1858இல் செனட் தேர்தலை ஒட்டி ஸ்டீபன் டக்ளஸோடு நடந்த புகழ்பெற்ற விவாதங்களுள் சார்ல்ஸ்டன் ஊர் மேடையில் இந்தப் பயிற்சி வெளிப்பட்டது. தம் தரப்புச் சான்றை ஆராயாமல் சான்று தந்தவரைப் பொய்யர் என்று எதிரி சொன்னபோது, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணம் என்று யூக்ளிட் மெய்ப்பித்ததை, யூக்ளிடைப் பொய்யர் என்று ஏசித் தவறென்று காட்டிவிட முடியுமா என்று லிங்கன் கேட்டார்.

அந்தத் தேர்தலில் அவர் வெல்லவில்லை. அவரை நாடறிந்த தலைவராக்கியது 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் ஆற்றிய உரை. புதிய ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை பரவுவதைத் தடுக்க நடுவண் அரசுக்கு அதிகாரம் உண்டா என்பது அன்றைய தலையாய வழக்கு. லிங்கன் மாதக்கணக்கில் பழைய ஆவணங்களைத் துருவி, அரசியல் சட்டத்தில் கையொப்பமிட்ட 39 பேரும் அக்கேள்வியில் எவ்வெப்போது எப்படி வாக்களித்தனர் என்று ஆள் ஆளாகக் கணக்கெடுத்தார். அவர்களுள் 21 பேர், அதாவது தெளிவான பெரும்பான்மையினர், அத்தகைய அதிகாரம் உண்டு என்பதைத் தம் செயலால் ஏற்றிருந்தனர் என்று காட்டினார். சிற்றூரில் கடன் வாங்கிய இலக்கணமும், அளவைச் சங்கிலியும், பிளாக்ஸ்டனும், யூக்ளிடும் ஒருசேர வேலை செய்த உரை அது. மே மாதத்தில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக அவர் அறிவிக்கப்பட்டபோதோ, கட்சிக்காரர்கள் மக்கள் முன் வைத்தது அந்த அறிஞரை அன்று. வேலிக்கு மரம் பிளந்த கூலியாளை. அவர் அதற்குள் ஸ்பிரிங்ஃபீல்டில் இரண்டடுக்கு வீட்டில் வசித்த, ரயில் நிறுவனங்களுக்கு வாதாடிய வழக்கறிஞர். வறுமை அவரைவிட்டு விலகி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அதன் படம் மட்டும் வாக்குக்கு உதவியது.

குடியரசுத் தலைவரான பின் உள்நாட்டுப் போர் வந்தபோதும் அவர் பழைய வழியையே நாடினார். போர்க்கல்லூரியில் பயின்ற தளபதிகள் தயங்கி நின்ற 1862 ஜனவரியில், காங்கிரஸ் நூலகத்திலிருந்து ஹென்றி ஹாலக் எழுதிய போர்க்கலை நூலை வரவழைத்துப் படித்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் கெட்டிஸ்பர்க்கில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரான எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசி முடித்த மேடையில், லிங்கன் ஏறக்குறைய 270 சொற்களில் பேசி முடித்தார். மனிதர் அனைவரும் சமம் என்பதை 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம் தானே விளங்கும் உண்மை என்றது. லிங்கன் அங்கே பயன்படுத்திய சொல் வேறு. அது மெய்ப்பிக்கப்பட வேண்டிய கூற்றைக் குறிக்கும் வடிவியல் சொல்.

இந்த வரலாற்றை உழைப்பால் எவரும் உயரலாம் என்ற பாடமாகச் சுருக்குவோருக்கு, அதே காலத்து இன்னொருவரை நினைவூட்ட வேண்டும். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸுக்கு (ஸ்டீபன் டக்ளஸுக்கும் இவருக்கும் பெயர் ஒலியைத் தவிரத் தொடர்பில்லை) எசமானி எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும், எசமான் அதைத் தடுத்துவிட்டார்; படித்த அடிமை அடங்கமாட்டான் என்பது அவர் கருத்து. சிறுவன் தெருவில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்து அவர்களிடம் எழுத்துக் கற்றான். லிங்கனுக்குக் காகிதமும் நேரமும் இல்லை. டக்ளஸுக்கோ அனுமதியே இல்லை. தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்தது. தாமே கற்ற இந்த இருவரும் 1863 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையில் சந்தித்தபோது, கறுப்பினப் படைவீரர்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று டக்ளஸ் வாதாட, லிங்கன் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாம் நடந்த வழியே மற்றவர்களுக்கும் போதும் என்று லிங்கன் கருதியதில்லை. தம் மூத்த மகன் ராபர்ட்டை ஹார்வர்டுக்கு அனுப்பினார். 1859இல் நுழைவுத் தேர்வில் தோற்ற அவனை ஓராண்டு ஆயத்தப் பள்ளியில் படிக்கவைத்து மீண்டும் அனுப்பினார். வேளாண்மையும் எந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவுவதற்காக, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் அரசு நிலம் வழங்கும் மாரில் சட்டத்தில் 1862 ஜூலை 2 அன்று அவர் கையொப்பமிட்டார். இதே நோக்கமுடைய சட்டமுன்வரைவு 1859இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அதை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியவர் அவருக்கு முந்தைய குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் புக்கானன், லிங்கன் பிறந்த 1809ஆம் ஆண்டில் டிக்கின்சன் கல்லூரியில் பட்டம் பெற்றவர்.